பன்னிரண்டு மணி ஜப்பான்

வேலை நிமித்தம் ஜப்பானுக்குப் போகும் நம்மவர்கள் பலர், புளிக்காய்ச்சல் பாட்டிலோடு விடுதி அறையிலேயே மாலைகளைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். உழைப்பவரின் பசியை மதித்துச் சமைக்கும் ஒரு நாட்டின் அன்றாடச் சாப்பாடு, அந்த அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஜப்பான் தொலைக்காட்சியில் 2012-இல் ஒரு தொடர் தொடங்கியது. அதில் சண்டை இல்லை, காதல் இல்லை, குடும்பச் சிக்கல் இல்லை. வெளிநாட்டுச் சாமான்களை வரவழைத்து விற்கும் நடுவயதுக்காரர் ஒருவர், வாடிக்கையாளரைப் பார்க்க ஏதோ ஒரு பேட்டைக்குப் போகிறார். பேச்சு முடிகிறது. பசி எடுக்கிறது. தெருத்தெருவாக நடந்து ஒரு கடையைக் கண்டுபிடித்து, தனியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இதுதான் கதை. பருவம் பருவமாக அதை மக்கள் விடாமல் பார்த்தார்கள்.

'கொதொகு நோ குருமே' என்ற அந்தத் தொடருக்கு மூலம், மசயுகி குசுமி எழுத, ஜிரோ தனிகுச்சி வரைந்த சித்திரக்கதை. 1994 முதல் 1996 வரை பத்திரிகையில் வெளிவந்தது. தொடரில் இனோகாஷிரா கோரோ என்ற அந்த வியாபாரியாக நடித்த யுதாகா மட்சுஷிகே, 2025 ஜனவரியில் அதைத் தானே இயக்கித் திரைப்படமாகவும் கொண்டுவந்தார். கோரோ மது தொடாதவர். நட்சத்திர ஓட்டல் பக்கமும் போவதில்லை. அவர் நுழைவதெல்லாம் ஏழெட்டு நாற்காலிகள் போட்ட தெருமுனைக் கடைகள். தொடரில் வரும் கடைகள் நிஜக் கடைகள். அத்தியாயம் முடிந்ததும் கதாசிரியர் குசுமியே அந்தக் கடைக்கு நேரில் போய்ச் சாப்பிட்டுக் காட்டுவார்.

வேலையாகப் போன இடத்தில் ஒரு மனிதர் சாப்பிடுவதை ஒரு நாடே இத்தனை ஆண்டுகள் ரசித்துப் பார்க்கிறது என்றால், அந்தச் சாப்பாட்டுக்கு அங்கே தனி மரியாதை இருக்கிறது. மதிய உணவு, ரயில் உணவு, அலுவலகம் விட்டுப் போகும் வழியில் கொறிக்கும் உணவு என்று உழைப்பவரின் ஒரு நாளுக்காகவே பார்த்துப் பார்த்து அமைந்த உணவு அது. கியோட்டோ கோயில்களையும் ஃபூஜி மலையையும் பட்டியல் போட்டுச் சுற்றும் பயணிக்கு இந்த நாள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. வேலைக்காகப் போகிறவருக்கோ அது கேட்காமலே கிடைக்கிறது.

பேட்டாவும் பருப்புப் பொடியும்

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பானுக்கு அலுவல் காரணமாகப் போய்வருபவர்கள் இன்று ஏராளம். கணினித் துறையினர் ஒரு பக்கம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி, கணினிகளில் ஆண்டுக் கணக்கைத் திருத்தும் வேலைக்காகப் போன இந்தியப் பொறியாளர்களிலிருந்து தொடங்கி, டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் உள்ள நிஷி-கசாய் ஓர் இந்தியக் குடியிருப்பாகவே வளர்ந்துவிட்டது. மறுபக்கம் வாகனத் துறையினர். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறந்ததும், ஜப்பானிய உதிரிபாக நிறுவனங்கள் சென்னையைச் சுற்றி வேரூன்றியதும் இந்தப் போக்குவரத்தைப் பெருக்கின. பயிற்சிக்கு இரண்டு வாரம், தரச் சோதனைக்கு ஒரு மாதம், புதிய எந்திரம் வாங்க நான்கு நாள் என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

இவர்களில் பலரின் பெட்டியைத் திறந்தால் பாதி இடத்தைப் பிடித்திருப்பது பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், உப்புமா மிக்ஸ், சின்ன ரைஸ் குக்கர். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. தெரியாத ஊரில் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கம்பெனி கொடுக்கும் பேட்டாவில் நாலு காசு மிச்சம் பிடித்தால் வீட்டுக்கு ஆகும். ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சோறு, மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப், ஒரு முக்கியப் பதார்த்தம், ஊறுகாய் எல்லாம் சேர்ந்த மதியச் சாப்பாடு ஜப்பானில் பெரும்பாலும் 1,000 யென்னை ஒட்டியே இருக்கும். யென்னின் மதிப்பு சரிந்திருக்கும் இந்தக் காலத்தில் அது சுமார் 600 ரூபாய். சென்னையில் ஒரு பேரங்காடி உணவகத்தில் உட்கார்ந்து எழுந்தாலே ஆகும் செலவு. தண்ணீர் இலவசம், டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது.

காலையிலிருந்து இரவுவரை அங்கே ஒரு வேலை நாள் எப்படிச் சாப்பாட்டோடு நகர்கிறது என்று பார்ப்போம்.

காபி வாங்கினால் டோஸ்ட்

ஜப்பானின் காலையை ருசிக்கச் சரியான இடம் நகோயா. டொயோட்டா நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் அய்ச்சி மாகாணத்தின் தலைநகர் இது. வாகனத் துறையிலிருந்து போகும் தமிழர்கள் எப்படியும் கால் வைக்கும் ஊர். இங்குள்ள காபிக் கடைகளில் காலையில் ஒரு காபி கேட்டால், அதே விலைக்கு வெண்ணெய் தடவிய தடித்த டோஸ்ட் துண்டும் அவித்த முட்டையும் கூடவே வந்துவிடும். பெரும்பாலான கடைகளில் பதினொரு மணிவரை இந்தச் சலுகை உண்டு. 1968-இல் நகோயாவில் ஒற்றைக் கடையாகத் தொடங்கிய 'கொமேதா' இன்று ஜப்பான் முழுவதும் கிளை பரப்பி, இந்தக் காலைப் பழக்கத்தையும் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறது. டோஸ்ட்டின் மேல் இனிப்பான சிவப்புப் பயற்று விழுதைத் தடவித் தருவது நகோயாவின் தனி முத்திரை. பயற்றம் பூரணம் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது.

இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது என்பதற்கு உரிமை கொண்டாடும் ஊர்களில் ஒன்று, நகோயாவுக்குப் பக்கத்திலுள்ள இச்சினோமியா. அது நெசவு ஊர். 1950-களின் பிற்பகுதியில் துணித் தொழில் கொடிகட்டிப் பறந்தபோது, ஆலைக்குள் தறி இரைச்சலும் பஞ்சுத் தூசும் தாங்காது. வெளியூரிலிருந்து வந்த வியாபாரிகளை ஆலை முதலாளிகள் காபிக் கடைக்கு அழைத்துப்போய்த்தான் விலை பேசுவார்கள். நாள்தோறும் வந்து உட்காரும் அவர்களுக்கு நன்றிக்கடனாகக் கடைக்காரர் ஒரு முட்டையும் கொஞ்சம் வேர்க்கடலையும் வைக்க ஆரம்பித்தார் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. தறிக்கூடத்தில் நின்றுகொண்டு யாரால் கணக்குப் பேச முடியும்?

ஆலைக்குள் போனதும் இன்னொரு காலைப் பழக்கம் எதிர்ப்படும். பியானோ இசைக்கு ஏற்பக் கைகால்களை வீசிச் செய்யும் 'ரேடியோ தைசோ' உடற்பயிற்சி. 1928-இல் வானொலியில் தொடங்கியது. இன்றும் காலை ஆறரை மணிக்கு ஒலிபரப்பாகிறது. கட்டுமான இடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக நின்று இதைச் செய்வதைப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை. முன்வரிசைக்காரரைப் பார்த்துப் பார்த்தே செய்துவிடலாம். உடன் வேலை செய்பவர்களோடு முதல் புன்னகை பல நேரம் அங்கேதான் பிறக்கிறது.

பன்னிரண்டு அடித்தால்

டோக்கியோவின் மருனோஉச்சி, ஷிம்பாஷி போன்ற அலுவலகப் பகுதிகளில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நின்றால் போதும். உயரக் கட்டடங்களின் கீழ்த்தளக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வருகிறார்கள். ஐந்தே நிமிடத்தில் கடைகளின் முன் வரிசை நிற்கிறது. ஒரு மணிக்கெல்லாம் தெரு காலி.

இந்த ஒரு மணி நேரத்துக்காகவே வளர்ந்த உணவு 'தெய்ஷோகு'. ஒரு தட்டத்தில் சோறு, மிசோ சூப், ஊறுகாய், சிறு கிண்ணத்தில் காய். நடுவில் சுட்ட மீனோ, இஞ்சி சேர்த்து வதக்கிய இறைச்சியோ, பொரித்த சிப்பியோ. எல்லாம் ஒன்றாகவே வரும். பல கடைகள் நாளுக்கொரு சாப்பாட்டைச் சிறு கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்திருக்கும். அன்றைக்குச் சந்தையில் எது நன்றாக இருந்ததோ அதை வைத்துச் சமைத்தது என்பதால் அதுதான் சீக்கிரம் வரும், விலையும் குறைவு. பட்டியலைப் படிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பலகையைக் காட்டினால் போதும்.

இன்னும் அவசரம் என்றால் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் நூடுல்ஸ் கடை. வாசலில் உள்ள எந்திரத்தில் காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டை உள்ளே கொடுத்த இரண்டு நிமிடத்தில் கிண்ணம் கைக்கு வரும். நகோயா ரயில் நிலைய நடைமேடையிலேயே இப்படியொரு கடையில் 'கிஷிமென்' என்ற தட்டை நூடுல்ஸ் கிடைக்கிறது. ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தால் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். சூடான நூடுல்ஸைச் சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடுவதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தச் சின்னக் கடைகளின் பாடு இப்போது எளிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராமென் நூடுல்ஸ் கிண்ணத்தின் விலை 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற அச்சம் கடைக்காரர்களை நெடுநாளாக வாட்டுகிறது. 2024 ஜூலையில் புதிய யென் தாள்கள் வெளியானபோது, அவற்றை ஏற்காத பழைய சீட்டு எந்திரங்களை மாற்றும் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. அடுத்து அரிசி. 2025 வசந்த காலத்தில் 5 கிலோ அரிசியின் சராசரி விலை கடைகளில் 4,000 யென்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரசு தன் கையிருப்பு அரிசியைச் சந்தைக்கு விட வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் நடுவில், அதிகாலையில் எழுந்து சூப் காய்ச்சி, மதியம் பன்னிரண்டுக்குச் சோற்றைச் சுடச்சுட எடுத்துவைக்கும் கணவன் மனைவி கடைகள் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கின்றன. வேலைக்காக வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால், அந்தக் கடைக்கும் அது ஒரு கைகொடுப்பு.

ரயிலில் ஒரு பொட்டலம்

டோக்கியோவில் கூட்டம், ஒசாகாவில் ஆலை என்று அலுவல் பயணம் ஊருக்கு ஊர் தாவும். 1964 அக்டோபர் 1-ஆம் தேதி இந்த இரு நகரங்களுக்கும் இடையே ஷின்கான்சென் புல்லட் ரயில் ஓடத் தொடங்கியபோது பயணம் நான்கு மணி நேரம். இன்று இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாதி வண்டியை நிறைத்திருப்பவர்கள் மடிக்கணினியும் கோட்டுமாக அலுவலுக்குப் போகிறவர்கள். அவர்கள் மடிமேல் இன்னொரு பெட்டியும் இருக்கும். அதுதான் 'எகிபென்', அதாவது ரயில் நிலையத்தில் விற்கும் சாப்பாட்டுப் பெட்டி.

1885-இல் உத்சுனோமியா ரயில் நிலையத்தில் மூங்கில் மடலில் பொதிந்து விற்ற இரண்டு சோற்று உருண்டைகளும் முள்ளங்கி ஊறுகாயும்தான் முதல் எகிபென் என்று பரவலாகச் சொல்கிறார்கள். இன்று ஒவ்வொரு நிலையமும் தன் வட்டாரத்து விளைச்சலை ஒரு பெட்டியில் அடக்கி விற்கிறது. 1958 முதல் யோகோகாவா நிலையத்தில் விற்கும் சோறு, மஷிகோ ஊர் மண்பாண்டத்தில் வருகிறது. சாப்பிட்டபின் பாத்திரத்தைப் பலர் வீட்டுக்கு எடுத்துப்போய் அதிலேயே சோறு பொங்குகிறார்கள். 1998-இல் அகாஷி நீரிணைக்கு மேல் பெரும் தொங்குபாலம் திறந்தபோது வெளிவந்த ஓர் எகிபென், ஆக்டோபஸைப் பிடிக்கும் மண்குடத்தின் வடிவிலேயே இருக்கிறது. சென்டாய் ஊரின் மாட்டுநாக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் தொங்கும் நூலை இழுத்தால் அடியிலுள்ள சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து, சில நிமிடங்களில் சோறு சூடாகிவிடும்.

தமிழர்கள் தேடிப் பார்க்க வேண்டிய எகிபென் ஒன்று உண்டு. டோக்கியோவுக்கு வடமேற்கே தகசாகி நிலையத்தில் 1960 முதல் விற்கும் 'தருமா பென்தோ'. மலைக்காய்களும் காளானும் கோழியுமாகச் சோற்றின் மேல் அடுக்கிய அந்தப் பெட்டி, உருண்டைக் கண்களும் தாடியும் கொண்ட ஒரு சிவப்பு முகம். தருமா என்பவர் போதிதருமர். சீனாவுக்குத் தியானப் பௌத்தத்தைக் கொண்டுசென்ற அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது மரபு. காஞ்சியைச் சேர்ந்தவர் என்று நம்மூரில் நெடுங்காலமாக நம்புகிறோம். தகசாகியில் உள்ள ஷோரின்சான் கோயில் தருமா பொம்மைகளுக்குப் பேர்போனது. வேண்டுதல் வைக்கும்போது பொம்மைக்கு ஒரு கண்ணை வரைந்து, நிறைவேறியதும் மறு கண்ணை வரைவார்கள். சாப்பாட்டுப் பெட்டியின் வாய்ப்பகுதியில் ஒரு துளை இருக்கிறது. கழுவி வைத்துக்கொண்டால் அதுவே உண்டியல்.

ஐந்து மணிக்கு மேல்

ஜப்பானின் பல சிற்றூர்களில் மாலை ஐந்து மணிவாக்கில் ஒலிபெருக்கிக் கம்பங்களிலிருந்து ஒரு மெட்டு கிளம்பி ஊர் முழுக்கக் கேட்கும். நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கைக்காகக் கட்டிய கம்பங்கள் அவை. நாள்தோறும் ஒரு பாட்டைப் போட்டு அவை வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்கிறார்கள். விளையாடும் பிள்ளைகளுக்கு வீடு திரும்பும் நேரம் என்பதற்கும் அதுவே அடையாளம்.

அலுவலகங்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை. விட்டபின் உடன் வேலை செய்பவர்கள் 'இசகாயா'வுக்கு அழைத்தால் தயங்காமல் போகலாம். மதுக்கடை என்று பெயர் இருந்தாலும் அது பாதி சாப்பாட்டுக் கடை. சின்னச் சின்னத் தட்டுகளாக வரவழைத்து எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதோ வரும்; அதற்கும் சில நூறு யென் கணக்கில் சேரும், அது அங்குள்ள வழக்கம். எல்லோர் கையிலும் கோப்பை வந்து 'கம்பாய்' சொல்லும்வரை யாரும் வாய் வைப்பதில்லை. மது பழக்கம் இல்லாதவர் ஊலாங் தேநீர் கேட்டால் ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. பகல் கூட்டத்தில் வாய் திறக்காத இளம் பொறியாளர் சுட்ட கோழிக்கறிக் குச்சியோடு மனம் திறந்து பேசுவதும், ஆலையில் உண்மையில் எங்கே சிக்கல் என்று தெரியவருவதும் பல நேரம் இந்த மேசையில்தான்.

தனியாக இருக்கும் இரவுகளுக்கு வேறு வழிகள் உண்டு. இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், ஊழியர் ஒருவர் அன்று சமைத்த உணவுப் பெட்டிகள் மேல் தள்ளுபடி ஒட்டுவில்லைகளை ஒட்டிக்கொண்டு வருவார். முதலில் இருபது சதவீதம், நேரம் ஆக ஆகப் பாதி விலை. அக்கம்பக்கத்து முதியவர்களும், வேலை முடிந்து வரும் இளைஞர்களும் அந்த ஒட்டுவில்லைக்காகவே பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஊரில் மக்கள் வீட்டில் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தப் பதினைந்து நிமிடம் போதும்.

இன்னும் நேரமாகிவிட்டால் 'கொன்பினி' என்ற இரவு பகல் திறந்திருக்கும் சிறு கடை. ஜப்பானில் செவன்-இலெவனின் முதல் கடை 1974 மே மாதம் டோக்கியோவின் டொயோசுவில் திறந்தது. 1978-இல் அது கொண்டுவந்த சோற்று உருண்டைப் பொட்டலத்தில், கடற்பாசித் தாள் ஈரம் படாமல் சோற்றிலிருந்து தனியே மடிக்கப்பட்டிருக்கும். பிரித்த கணத்தில்தான் இரண்டும் சேரும், கடித்தால் மொறுமொறுக்கும். அதே கடையில் நாளைய கூட்டத்துக்கான தாள்களை அச்செடுக்கலாம். இந்திய அட்டையில் பணம் எடுக்கலாம். பெட்டியை அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயில் ஏறலாம். யமாதோ நிறுவனம் 1976-இல் தொடங்கிய வீடு தேடி வரும் பார்சல் சேவை இதைச் சாத்தியமாக்கியது.

நாளை முடிக்கச் சிறந்த இடம் 'செந்தோ' என்ற பொதுக் குளியலகம். டோக்கியோவில் இதன் கட்டணத்தை மாநகர நிர்வாகமே நிர்ணயிக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து 550 யென். முதலில் குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். அதன்பிறகே பெரிய வெந்நீர்த் தொட்டியில் இறங்கலாம். சுவரில் ஃபூஜி மலை ஓவியம் இருக்கும். வீடுகளில் குளியலறை வந்துவிட்டதால், 1968-இல் டோக்கியோவில் 2,600-க்கும் மேல் இருந்த செந்தோக்கள் இன்று ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டன. பக்கத்தில் செந்தோ இல்லையென்றால், வெந்நீர்த் தொட்டியோடு கூடிய வணிகர் விடுதிகள் இருக்கின்றன. 'டார்மி இன்' விடுதிகளில் குளித்துவிட்டு வருபவர்களுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஒரு கிண்ணம் ராமென் இலவசம்.

சைவர்கள் என்ன செய்வது?

நேர்மையாகச் சொன்னால், ஜப்பானில் சைவமாக இருப்பதற்குக் கவனம் வேண்டும். 'கறி வேண்டாம்' என்று சொல்வது போதாது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, காய்க் கூட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படையான 'தாஷி' சாறு, பெரும்பாலும் காய்ந்த சூரைமீன் சீவலில் எடுத்தது. மீன் சாறும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஹலால் உணவு பார்ப்பவர்கள் சுவைக்காகச் சேர்க்கும் சாகே, மிரின் ஆகிய அரிசி மதுவகைகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழிகள் நிறைய இருக்கின்றன. கடற்பாசியான 'கொம்பு'வில் மட்டும் எடுத்த தாஷி சுத்த சைவம். 1908-இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் கிகுனே இகேதா, உமாமி சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை இந்தக் கடற்பாசியிலிருந்துதான் பிரித்தெடுத்தார். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையல் முழுக்க இதை நம்பியே நிற்கிறது; கோயாசான் மலையின் மடங்களில் தங்கினால் இரவும் காலையும் அந்த உணவுதான். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே 'டீஸ் தன்தன்' என்ற கடையில் இறைச்சி, மீன், பால் எதுவும் சேராத எள்ளுக் குழம்பு ராமென் கிடைக்கிறது. அய்ச்சியில் 1978-இல் பிறந்த 'கோகோ இச்சிபான்யா' குழம்புச் சோற்றுக் கடைகள் பலவற்றில் விலங்குப் பொருள் சேராத குழம்பு தனியாக உண்டு. வெள்ளரிக்காய் சுஷி, வேகவைத்த பச்சை சோயாக் காய், மேலே மீன் சீவல் தூவாத டோஃபு ஆகியவை எந்த ஊரிலும் துணைக்கு வரும்.

நகோயாப் பக்கம் போகும் சைவர்கள் ஒகசாகி ஊரின் ஹட்சோ மிசோவைத் தேடிப் பார்க்கலாம். சோயாவும் உப்பும் மட்டும் சேர்த்து, ஆளுயர மரத்தொட்டியில் சுமார் ஆறு டன் அளவுக்கு நிரப்பி, மேலே மூன்று டன் ஆற்றுக்கற்களைக் கோபுரமாக அடுக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் புளிக்கவிடுகிறார்கள். ஒகசாகிக் கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில், பழைய நெடுஞ்சாலையின் இருபுறமும் நிற்கும் இரண்டு பழம்பெரும் நிறுவனங்கள் மட்டுமே தலைமுறை தலைமுறையாக அதை அங்கே செய்துவருகின்றன. ஆலையைச் சுற்றிப் பார்க்கவும் அனுமதிக்கிறார்கள்.

ஹமமாத்சு கேன்டீனில் சாம்பார்

இந்தச் சாப்பாட்டுப் பாதை ஒருவழிப் பாதையாக இல்லை. டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் உள்ள ஹமமாத்சு நகரில் இருக்கிறது சுசுகி நிறுவனத்தின் தலைமையகம். 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வெளிவந்ததிலிருந்து இந்தியாவோடு அந்த நிறுவனம் ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. இந்தியப் பொறியாளர்களின் வருகையும் கூடியது. 2024-இல் சுசுகி தன் தலைமையகக் கேன்டீனில் இந்தியச் சைவ உணவைப் பரிமாறத் தொடங்கியது. உள்ளூர்ச் சமையல் நிறுவனமான தொரிசென்னோடு சேர்ந்து, இந்திய ஊழியர்கள் சுவைத்துச் சொன்ன திருத்தங்களோடு உருவான பட்டியல் அது.

உணவு ஜப்பானிய ஊழியர்களுக்கும் பிடித்துப்போனது. 2025-இல் அதே குழம்புகளைச் சூடாக்கிச் சாப்பிடும் பொட்டலங்களாக்கி, சுசுகி வெளியிலும் விற்க ஆரம்பித்தது. பொட்டலத்தின் மேல் சுசுகியின் வாகனங்கள். அந்த வரிசையில் ஒன்று முள்ளங்கிச் சாம்பார். ஜப்பானியர்கள் மீனோடும் சோயா சாஸோடும் காலங்காலமாக வேகவைத்த வெள்ளை முள்ளங்கி, துவரம்பருப்பு நாட்டுக் குழம்புக்குள் போய் அமர்ந்திருக்கிறது. எந்தத் தூதரகமும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வெளியூர்க்காரருக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு கேன்டீன் அக்கறையோடு கேட்டது. இந்தியர்கள் அதே அக்கறையோடு பதில் சொன்னார்கள்.

அதே அக்கறை நம் பக்கத்திலிருந்தும் போக வேண்டும். ஆலையில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் ஜப்பானியரிடம் 'இங்கே இந்திய ஓட்டல் எங்கே?' என்று கேட்பதற்கு முன், 'நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அவர் கூடவே அழைத்துப்போவார். சாப்பிட்டுத் திரும்பும் வழியிலேயே அடுத்த நாளுக்கு இன்னொரு கடையின் பெயரைச் சொல்லிவிடுவார்.

திரும்பும்போது ஒரு பெட்டி

ஜப்பானியர் ஒருவர் அலுவல் பயணம் போய்விட்டு வெறுங்கையோடு அலுவலகம் திரும்பமாட்டார். போன ஊரின் இனிப்புப் பெட்டி ஒன்று கையில் இருக்கும். ரயில் நிலையங்களில் பயணச்சீட்டு வாயிலுக்கு அருகில் இந்தப் பெட்டிகளுக்கென்றே கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஹமமாத்சுவில் 1961 முதல் விற்கும் 'உனாகி பை', விலாங்கு மீன் சாறு கலந்த மொறுமொறு பிஸ்கட். சப்போரோவில் 1976-இல் வந்த 'ஷிரோய் கொய்பிதோ', வெள்ளைச் சாக்லேட் வைத்தது. டோக்கியோவில் 1991-இலிருந்து 'டோக்கியோ பனானா'. எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் இருக்கும். அலுவலகத்தில் மேசைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போகலாம். ஆள் இல்லாவிட்டாலும் மேசையில் காத்திருக்கும். பத்துப் பேர் உள்ள பிரிவுக்குப் பன்னிரண்டு துண்டுப் பெட்டி என்று எண்ணி வாங்குவார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் இந்த வழக்கத்தில் முதல் நாளே கலந்துகொள்ள முடியும். பெட்டியில் பருப்புப் பொடிக்குப் பக்கத்தில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்தது, எளிதில் கெடாது, விமானப் பயணத்தைத் தாங்கும், சைவம். ஒவ்வொன்றாக உறையிட்டதைப் பார்த்து வாங்கி, கடலை ஒவ்வாதவர்கள் இருப்பார்கள் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஜப்பானிய மொழியில் ஒரு துண்டுச் சீட்டையும் வைத்துவிட்டால் போதும். அறிமுக அட்டைகள் கைமாறி முடிந்ததும் அதை மேசைமேல் வைக்கலாம். எந்த ஊர்ப் பண்டம், யார் செய்கிறார்கள், வீட்டில் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு ஆகியிருக்கும்.